ஆனி மாதத்துக்கு மாலை இல்லை

பாவாடைராயன் கோயிலில் வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளை என்பதால் அவனுக்குப் பாவாடை என்று பெயர் வைத்தார்கள். வெளியூர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். எங்கள் பக்கத்தில் யாரும் சிரிப்பதில்லை, தெருவுக்கு ஒரு பாவாடை உண்டு. இந்தப் பாவாடை டிராக்டர் டிரைவர். ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்தில் ஏரிக்கரையை ஒட்டித் தொகுப்பு வீடு. மனைவி நிர்மலா. மகள் இசைவாணி ஐந்தாம் வகுப்பு. சொந்தமாக நிலமும் இல்லை, வண்டியும் இல்லை. கொளஞ்சியப்பன் என்ற கரும்பு விவசாயியின் டிராக்டரைப் பல வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்தான். முழு லோடோடு சேற்றில் புதைந்த டிரெய்லரை மேலே ஏற்ற வேண்டுமென்றால் மற்ற வண்டிக்காரர்கள் அவனைத்தான் தேடி வருவார்கள்.

குடி ஒன்றுதான் அவனுக்குக் கேடு. குடித்தால் சண்டை போடுகிற ஆள் இல்லை. பாடுவான். பாடி முடித்ததும் எந்த இடமோ அந்த இடத்திலேயே தூங்கிவிடுவான். காலையில் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வருவான். ஊரையே அழவைத்த கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு சாராயத்தை விட்டுவிட்டான். அதற்குப் பதிலாக அரசுக் கடைச் சரக்குக்கு மாறினான். “திருந்திட்டன் பாரு” என்று நிர்மலாவிடம் பெருமையாக வேறு சொன்னான்.

மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் அரவைக் காலத்தில் கரும்பு வண்டிகள் வரிசையில் நிற்கும். சில சமயம் ஒரு பகலும் ஓர் இரவும்கூட ஆகும். பனியில் காத்துக்கிடக்கும் டிரைவர்களுக்கு வேறென்ன பொழுதுபோக்கு? அப்படி ஒரு மாசி மாதத்து விடியற்காலையில் வரிசை நகர்ந்தது. பாவாடை டிரெய்லருக்கு அடியில் கோணியை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தான். பின்னால் நின்ற வண்டிகளெல்லாம் ஒவ்வொன்றாக அவனைத் தாண்டிப் போய்விட்டன. வெயில் ஏறி, கரும்பு காய்ந்து, கொளஞ்சியப்பனே மோட்டார் சைக்கிளில் வந்து அவன் காலைத் தட்டி எழுப்பினார்.

“எழுந்திருடா. சாவியக் குடு.”

அவ்வளவுதான் பேசினார். அன்றிலிருந்து வேறொருவன் வண்டி ஓட்டினான். பாவாடை கரும்பு வெட்டப் போனான், களை எடுக்கப் போனான். டிராக்டர் சத்தம் கேட்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டான்.

ஐப்பசி மாதம் நிர்மலா கொளஞ்சியப்பன் வீட்டுக்கே போனாள். “அவர மறுபடி வண்டியில ஏத்துங்க” என்றாள். அவர் சிரித்தார். “உம் புருஷன் மாலை போட்டுக்கினு வரட்டும், சாவி தரன். மாலை போட்டவன் குடிக்கமாட்டான். வேற எதுல சத்தியம் பண்ணாலும் நான் நம்பமாட்டன்.”

அவர் கிண்டலுக்குத்தான் சொன்னார். நிர்மலா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பக்கத்துத் தெருத் தமிழழகன்தான் எங்கள் ஊர் ஐயப்ப பக்தர்களுக்குக் குருசாமி. வயது இருபத்தாறு. வீடு வீடாக காஸ் சிலிண்டர் போடுகிறவன். அப்பாவின் தோளில் உட்கார்ந்து போன காலத்திலிருந்து கணக்குப் பார்த்தால் பதினெட்டு மலை முடிந்துவிட்டதால் குருசாமி ஆகிவிட்டான். கார்த்திகை முதல் தேதி விடியற்காலையில் ரிஷிவந்தியம் கோயிலில் அவன் கையால் பாவாடை மாலை போட்டுக்கொண்டான். நாற்பது வயதுக்காரன் காலில் விழுந்தபோது தமிழழகனுக்குத்தான் வெட்கம் தாங்கவில்லை.

சாவி கிடைத்தது. ஆனால் அதைவிடப் பெரியதாக ஒன்று அன்றைக்கே நடந்தது.

கறுப்பு வேட்டியும் துளசிமாலையுமாக டீக்கடைப் பக்கம் போனான். டீ மாஸ்டர், “வாங்க சாமி, உக்காருங்க சாமி. உங்களுக்குத் தனி கிளாஸ் கழுவி வச்சிக்கீறன்” என்றார். பாவாடை திரும்பிப் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை. வயலுக்குப் போனால் கொளஞ்சியப்பன் வரப்பில் எழுந்து நின்று, “லோடு கட்டியாச்சா சாமி?” என்றார். பத்து வருஷமாக அவர் வாயிலிருந்து ‘டேய்’ தவிர வேறு விளி வந்ததில்லை. பாவாடை கட்டி முடித்த கயிற்றை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தான். “ஆச்சு சாமி” என்று அவரையும் சாமி என்றான். மாலை போட்டவன் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிட வேண்டும். அவருக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

விடியுமுன் பம்புசெட்டில் குளியல். சாயங்காலம் மறுபடி குளியல், விளக்கு, பஜனை. முதல் வாரம் கை நடுங்கியது. தூக்கம் வரவில்லை. தமிழழகன் தினமும் சாயங்காலம் வந்து பஜனைக்கு அழைத்துப்போனான். குடித்துவிட்டு ஊரைத் தொந்தரவு செய்த அதே தொண்டை, ஜால்ராவோடு சேர்ந்தபோது அத்தனை பேரையும் நிமிர்ந்து உட்காரவைத்தது. பாவாடை பாடாவிட்டால் பஜனையே களைகட்டாது என்ற நிலை வந்துவிட்டது. ஆலை வரிசையிலோ அவன் தலை தெரிந்தாலே, “சாமி வராரு, பாட்டில மறைடா!” என்று டிரைவர்கள் பதறினார்கள். அவனோடு பல வருஷம் சேர்ந்து குடித்த பிச்சைமுத்து துண்டுக்குள் பாட்டிலைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, “சரணம் சாமி” என்று கும்பிட்டான். பாவாடைக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு ஆசீர்வாதம் செய்தான்.

மலைக்குப் போனான், நெய் அபிஷேகம் பார்த்தான், அழுதான், திரும்பி வந்தான். வந்த அன்றே மாலையைக் கழற்றிவிட வேண்டும். தமிழழகன் தேங்காய், சூடம் எல்லாம் எடுத்துவைத்துவிட்டுக் கூப்பிட்டான். பாவாடை, “நாளைக்குப் பாக்கலாம் சாமி” என்றான். அடுத்த நாளும் அதையே சொன்னான். மூன்றாம் நாள் கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறி, ஷேக் பரீத்தின் ஜவுளிக் கடையில் போய் நின்றான்.

“வாங்க சாமி. போன மாசந்தான கறுப்பு வேட்டி எடுத்தீங்க?”

“பச்ச குடுங்க பாய். தைப்பூசத்துக்கு முருகனுக்கு மால போடப் போறன்.”

ஒரு மாலையைக் கழற்றின அதே நாழிகையில் இன்னொன்று கழுத்தில் ஏறியது. தைப்பூசத்துக்கு மயிலம் மலைக்கு நடந்தான். பூசம் முடிந்து வந்ததும் மறுபடி அதே கடை. “அடுத்து இன்னா கலரு சாமி?” என்று ஷேக் பரீத்தே கேட்டார். சமயபுரத்தாளுக்கு மஞ்சள். பங்குனி உத்திரக் காவடிக்குக் காவி. சித்திரையில் எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் படிக்கத் தொடங்கியதும், தீமிதிக்குக் காப்புக் கட்டிக்கொண்டு மறுபடி மஞ்சள்.

ஊரெல்லாம் அவனை மெச்சியது. நிர்மலாவுக்கு மட்டும் மெச்ச முடியவில்லை.

மாலை போட்ட வீட்டில் கறி மீன் கிடையாது. கார்த்திகையிலிருந்து அடுப்பில் சாம்பாரும் ரசமும்தான். இசைவாணி பள்ளிக்கூடத்தில் சத்துணவு முட்டையைச் சாப்பிட்டுவிட்டுக் கையை மூன்று தடவை கழுவிக்கொண்டு வீட்டுக்குள் வந்தாள். புருஷன் தரையில் தனிப்பாய் போட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்துக்கொண்டான். மனைவியை, “மாளிகைப்புறம், கொஞ்சம் தண்ணி குடுங்க” என்றான்.

“எனக்கு நிர்மலான்னு பேரு கீது” என்றாள் அவள்.

“விரதத்துல அப்படித்தான் கூப்புடணும் மாளிகைப்புறம்.”

அவள் அண்ணன் வீட்டுக் காதுகுத்து வந்தது. பந்தலெல்லாம் மட்டன் பிரியாணி மணம். பாவாடை மூலையில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டான். சொந்தக்காரப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் நிர்மலா சொன்னாள்: “குடிச்சிக்கினு வந்தப்பவாவது ஒரு புருஷன் இருந்தான். இப்ப வூட்டுல சாமிதான் கீது. நான் சாமியையா கட்டிக்கினேன்?”

பாவாடை கழுத்து மாலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கியது. “இன்னாய்யா? சொல்லு.”

“இத கழட்டினா குடிச்சுடுவன் நிர்மலா. எனக்குத் தெரியும். அப்பறம் மொதலாளி மறுபடியும் டேய்ன்னுதான் கூப்புடுவாரு.”

கார்த்திகைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். அவனுக்கே அது தெரியவில்லை. நிர்மலாவுக்குத் தெரிந்தது.

வைகாசிக் கடைசியில் தீமிதி நல்லபடியாக முடிந்தது. பூக்குழியில் நான்கு எட்டில் பாய்ந்து கரையேறினான். காப்பு அவிழ்த்தார்கள். ஆனி பிறந்தது. அங்கேதான் சிக்கல் வந்தது. ஆனி மாதத்தில் அவன் போட்டுக்கொள்ள ஒரு மாலையும் இல்லை. ஆடிக் கிருத்திகைக்கு இன்னும் நாள் கிடந்தது. பாவாடை கோயில் குருக்களிடம் போய் நின்றான்.

“ஆனியில இன்னா விரதம் இருக்குது சாமி?”

“ஆனித் திருமஞ்சனம் இருக்கு. நடராஜருக்கு.”

“அதுக்கு மாலை உண்டுங்களா?”

“அதெல்லாம் இல்லப்பா. ஒரு நாள்தான். வந்து கும்பிட்டுட்டுப் போ.”

கள்ளக்குறிச்சிக்குப் போய் ஷேக் பரீத்திடமும் புலம்பினான். அவர் துணியை மடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். “எங்களுக்கும் ஒரு மாசம் நோம்பு உண்டுங்க. சாயங்காலமானா தொறந்துடுவோம், மாசம் முடிஞ்சா பெருநாள் கொண்டாடுவோம். தொறக்காமலே இருந்தா அது நோம்பு இல்லீங்க, பட்டினி. வூட்டுல புள்ளைக்குக் கறி ஆக்கிப் போடுங்க மொதல்ல.” அன்றைக்கு அவர் அவனுக்கு வேட்டி எதுவும் விற்கவில்லை.

இதற்குள் நிர்மலா தமிழழகனை மடக்கிவிட்டாள். சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தவனை வழியிலேயே நிறுத்தினாள். “தம்பி, நீதான மாட்டிவுட்ட? நீயே சொல்லு. வருஷம் பூரா வெரதம்னு எந்த சாஸ்திரத்துல கீது?”

தமிழழகன் சிலிண்டரை இறக்கினான். கல்யாணம் ஆகாத பையன். எதைக் கேட்கிறாள் என்று புரிந்ததும் காது சிவந்துவிட்டது. “இல்லீங்க அண்ணி. ஒரு மண்டலம்தான். வூட்ட வுட்டுட்டுப் போறவனுக்கு வேற வழி கீது. இது வூட்டுக்குத் திரும்பி வரவனுக்குத்தான்” என்று தரையைப் பார்த்துச் சொன்னான். அன்று சாயங்காலம் வந்து பாவாடையிடமும் அதையே சொன்னான். பாவாடை தலையாட்டினான். சமாதானமாகவில்லை.

ஆனி முதல் வாரத்தில் வெறுங்கழுத்தோடு தெருவில் இறங்கினான். சட்டை போட்டிருந்தும் என்னவோ அம்மணமாகப் போவதுபோல இருந்தது. டீ மாஸ்டர் பழக்கதோஷத்தில், “சாமிக்கு டீ” என்றார். பிறகு கழுத்தைப் பார்த்துவிட்டு, “அட, பாவாடையா! சர்க்கரை கம்மியாவா, ஜாஸ்தியாவா?” என்று சிரித்தார். வயலில் கொளஞ்சியப்பன் நின்றிருந்தார். பாவாடை பத்தடி தள்ளியே நின்றுவிட்டான்.

“டே…” என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். ஏழெட்டு மாதமாக வேறு மாதிரி பழகின நாக்கு. தொண்டையைச் செருமிக்கொண்டார். “பாவாடை, கெழக்கால கழனிய ஓட்டிடுறியாப்பா? மழ வர்றாப்புல கீது.”

“ஓட்டிடறங்க.”

அந்த ‘ப்பா’வைச் சுமந்துகொண்டு பாவாடை நாள் முழுக்க உழுதான். கலப்பை கொத்திப் புரட்டிய மண்ணில் கொக்குகள் பின்னாலேயே நடந்து வந்தன. பொழுது சாயும் நேரத்துக்கு வேலை முடிந்தது. வண்டியை நிறுத்திவிட்டு இறங்கியபோது வேப்பமரத்தடியில் பிச்சைமுத்து காத்திருந்தான். இரண்டு கிளாஸ், தண்ணீர் பாக்கெட், வறுத்த கடலை எல்லாம் துண்டில் பரப்பியிருந்தான்.

“வாடா மச்சான். உன்ன சாமின்னு கூப்ட்டுக் கூப்ட்டு எனக்கு வாயே வலிச்சிப்போச்சி. இப்பதான் மாலை இல்லியே. ஒரே ஒரு கிளாசு.”

பாவாடை உட்கார்ந்தான். அவன் இத்தனை மாதம் பயந்த நேரம் இதுதான். கிளாஸை வாங்கினான். வாசனை மூக்கில் ஏறியது. வேண்டாம் என்று அவன் மனசு சொல்லவில்லை. உண்மையில் வேண்டும் என்றுதான் சொன்னது. ஆனால் உடம்பு வேறு ஏதோ கேட்டது. கழுத்தெல்லாம் புழுதி. வியர்வை உப்பாகக் காய்ந்து அரித்தது. சூரியன் ஏரிக்கரைப் பனைகளுக்குக் கீழே இறங்குகிற இந்த நேரத்தில் கார்த்திகையிலிருந்து ஒரு நாள் தவறாமல் அவன் தலையில் தண்ணீர் ஊற்றியிருக்கிறான். முதுகு அந்தத் தண்ணீருக்காகக் காத்திருந்தது. குளிக்காமல் எதையும் வாயில் வைக்கமுடியும் என்று தோன்றவில்லை.

“இரு, குளிச்சிட்டு வந்துடறன்” என்று கிளாஸைக் கீழே வைத்தான்.

“இப்பயா?”

“அஞ்சு நிமிஷம்டா.”

பம்புசெட்டுத் தொட்டியில் தண்ணீர் நுரைத்துக் கொட்டிக்கொண்டிருந்தது. குழாய்க்கு நேராகத் தலையைக் கொடுத்தான். முதல் வீச்சில் மூச்சு நின்றது. பிறகு வாய் தானாகத் திறந்து, “சாமியே…” என்றது. எந்தச் சாமி என்று அவனுக்கே தெரியவில்லை. கறுப்பு, பச்சை, மஞ்சள், காவி எல்லாம் கலந்து ஒரே குளிர்ச்சியாக முதுகில் இறங்கியது. குளித்து முடித்ததும் ஈர வேட்டியைப் பிழிந்தான். விளக்கேற்றுகிற நேரமாயிற்றே என்று நேராக வீட்டைப் பார்த்து நடந்தான். பாதி வழியில்தான் பிச்சைமுத்து ஞாபகம் வந்தது. நின்றான். திரும்பிப் பார்த்தான். சிரித்துக்கொண்டே நடையை எட்டிப் போட்டான்.

வாசலில் நிர்மலா நின்றிருந்தாள். வெறுங்கழுத்தோடு காலையில் போனவன் பொழுது சாய்ந்தும் வரவில்லையே என்று அவளுக்கு உள்ளே பதைபதைப்பு. கிட்டே வந்ததும் பழைய வழக்கப்படி அவன் முகத்தருகே மூக்கைக் கொண்டுபோனாள். சோப்புகூட இல்லை, வெறும் கிணற்றுத் தண்ணீர் வாசனை.

“எங்க போன?”

“பிச்சமுத்து சரக்கு வாங்கிக்கினு வந்தான். குளிச்சிட்டு வரன்னு சொல்லிட்டு இங்க வந்துட்டன்.”

நிர்மலாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வாசற்படியில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தாள். இரண்டு கிளாஸுக்கு நடுவில் பிச்சைமுத்து உட்கார்ந்திருக்கும் காட்சியைப் பாவாடை நடித்துக் காட்ட, உள்ளேயிருந்து ஓடிவந்த இசைவாணியும் என்னவென்றே தெரியாமல் சேர்ந்து சிரித்தாள். விளக்கேற்றிக் கும்பிட்டார்கள். பிறகு நிர்மலா அடுப்பிலிருந்த சட்டியின் மூடியைத் திறந்தாள். நாட்டுக்கோழிக் குழம்பு. இசைவாணி, “அப்பா! அப்பா!” என்று வீட்டைச் சுற்றி ஓடினாள். அன்றைக்குப் பாவாடை சோற்றைப் பிசைந்த வேகத்தைப் பார்த்து நிர்மலா, “பொறுமையா துன்னு, அது எங்கயும் ஓடாது” என்றாள். தனிப்பாயைச் சுருட்டிப் பரண்மேல் போட்டதும் அன்றைக்குத்தான்.

அதன்பின் பாவாடை மாலைக்கு மாலை தாவவில்லை. ஆடிக் கிருத்திகைக்கும் பச்சை வேட்டி எடுக்கவில்லை, கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தான். வருஷத்துக்கு ஒரு தடவை, கார்த்திகையில் மட்டும் என்று தமிழழகனிடம் சொல்லிவிட்டான். சாயங்காலக் குளியலும் விளக்கும் மட்டும் நின்றபாடில்லை. ஒரு நாள் மழையிலும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பம்புசெட்டுக்கு ஓடியவனை ஊர் வேடிக்கை பார்த்தது. மனசு அலைகிற நாள் அவனுக்கும் வரத்தான் செய்கிறது. அன்றைக்கு இரண்டு தடவை குளிப்பான்.

பிச்சைமுத்து ஒரு வாரம் பேசாமல் இருந்தான். பிறகு அவனே வந்து, “அன்னிக்கி உன் கிளாசையும் நானே குடிச்சிட்டு வரப்புல வுழுந்து பல்லு ஆடிப்போச்சிடா” என்று காட்டினான். கொஞ்ச நேரம் கழித்து, “குருசாமி எனக்கும் மால போடுவானா?” என்று கேட்டான்.

ஆடிப்பெருக்குக்கு அந்தத் தெருவே சேர்ந்து ஒரு வேன் பிடித்துக் கல்வராயன் மலைக்குப் போனது. வெள்ளிமலைச் சாலையின் வளைவுகளில் வேன் திரும்பும்போதெல்லாம் பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் சரிந்து கூச்சல் போட்டார்கள். சாலையோரத்தில் மலைக்காரப் பெண்கள் பலாச்சுளையும் தேனும் விற்றார்கள். பெரியார் நீர்வீழ்ச்சியில் தண்ணீர் பாறையை மூடிக்கொண்டு இறங்கியது. பெண்கள் ஓடைக்கரையில் மஞ்சளில் பிள்ளையார் பிடித்து, காதோலை கருகமணி வைத்து, புது மஞ்சள் சரடு கட்டிக்கொண்டார்கள். நிர்மலா சரட்டை நீட்டி, “இந்தா, நீயே கட்டு” என்றாள். பாவாடைக்கு முடிச்சு இரண்டு தடவை நழுவியது. “டிரெய்லருக்குக் கயிறு கட்டறவன் கைக்கு இது வரல பாரு” என்று தமிழழகனின் அம்மா சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

பாறைக்கு அந்தப் பக்கம் வெளியூர்ப் பையன்கள் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தார்கள். பிச்சைமுத்து அந்தத் திசையை ஒருமுறை பார்த்தான், பிறகு பாவாடையைப் பார்த்தான். “குளிக்கலாமா?” என்றான் பாவாடை. இரண்டு பேரும் அருவிக்கு அடியில் போய் நின்றார்கள். பாவாடை பாட ஆரம்பித்தான். தண்ணீர்ச் சத்தத்தில் யாருக்கும் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை, திறந்து மூடுகிற வாய் மட்டும் தெரிந்தது. நிர்மலா கரையில் நின்று கேலி செய்தாள். இசைவாணி அவள் கையைப் பிடித்து இழுக்க, “ஐயோ, புதுச் சீலடீ!” என்று கத்திக்கொண்டே அவளும் தண்ணீருக்குள் போய்விட்டாள்.

பற்கள் கிடுகிடுக்க வெளியே வந்து எல்லாரும் பிரியாணி குண்டானைச் சுற்றி உட்கார்ந்தார்கள். இலையைப் போட்டு முதல் கரண்டி வைத்த நேரம் பார்த்து, ஒரு குரங்கு பிச்சைமுத்துவின் சட்டையைத் தூக்கிக்கொண்டு பலாமரத்தில் ஏறியது. அவன் ஈர லுங்கியோடு மரத்தடியில் நின்று, “சாமி, குடுத்துடு சாமி!” என்று கைகூப்பினான். குரங்கு சட்டைப்பையை நிதானமாகக் குடைந்தது. பாவாடை புரையேறிச் சிரித்தான். நிர்மலா அவன் தலையில் தட்டினாள், இசைவாணி அந்தச் சந்தடியில் அப்பா இலையிலிருந்த கால் துண்டை எடுத்துத் தின்றுவிட்டாள்.